பச்சை நைட்டி

"தம்பி, மதியானத்துல உங்க வீட்டுல யாரு இருக்காங்க?"

எதிர் வீட்டு டெய்லரம்மா வாசலில் வழிமறித்துக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரியும் அத்தையும்தான். ஏன்?"

"அவங்களைக் கேக்கல. ஜன்னலோரமா முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு குண்டுப் பொம்பளை உட்கார்ந்து சாப்பிடுறாளே, அவ யாரு? அச்சு அசல் உங்க வீட்டம்மாவோட பழைய உருவம். எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு."

"வெயில்ல கண்ணு கூசியிருக்கும்."

"நான் தைச்ச பச்சை நைட்டி தம்பி. அது எனக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினான். தெருமுனை வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் ஓர் எடை வரம்பு உண்டு, மீறினால் மணி அடிக்கும் என்று நம்புகிறவன். மனைவிக்கு அந்த மணி மூட்டு வலியாகவும் சர்க்கரையாகவும் அடித்தபோது அவன்தான் டாக்டரிடம் கூட்டிப்போனான். எடை குறைக்கும் ஆபரேஷனை டாக்டர் படம் போட்டு விளக்கினார். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்குவது ஒரு வழி. சின்னப் பையாகத் தடுத்து, குடலை அதோடு மாற்றி இணைப்பது இன்னொரு வழி. அவள் முதல் வழிக்குத் தலையாட்டினாள்.

"ஆபரேஷன் பாதிதாம்மா. மீதி உங்க கையில," என்றார் டாக்டர். "இனிமே குட்டிக் கிண்ணம்தான். மெதுவா மெல்லணும். தண்ணியைத் தனியாக் குடிக்கணும். சத்து மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது. அடைச்சு அடைச்சுச் சாப்பிட்டா இந்தக் குட்டி இரைப்பையும் விரிஞ்சுடும்."

அவள் பாதியாகிவிட்டாள். முடி கொட்டி, மறுபடி முளைத்தது. கன்னம் ஒட்டிப்போனது. பழைய துணியெல்லாம் பிடித்துத் தைக்க டெய்லரம்மாவிடம் போயின. பச்சை நைட்டி மட்டும் போகவில்லை. யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

கள்ளத்தனமாகத் தின்கிறாளா, இல்லை வேறு ஏதாவதா? 'வேறு ஏதாவது' என்று நினைத்த பிறகு அவனுக்கு வேலை ஓடவில்லை. உதிரி பாகம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தான். சத்தம் போடாமல் சாவியைத் திருப்பினான்.

வீட்டில் ஈ எறும்பு அரவமில்லை. சமையலறை மேடையில் அவளுடைய குட்டிக் கிண்ணம் எப்போதும் இருக்கும். இன்று அதைக் காணவில்லை. அத்தையின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ மெல்லும் சத்தம்.

எட்டிப் பார்த்தான்.

ஜன்னலோரம் பச்சை நைட்டி. அகன்ற முதுகு, கட்டிலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இடுப்பு. ஆபரேஷனில் கரைந்துபோன மனைவி, தட்டை வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எதிரே அவள் அம்மா, அவனுடைய அத்தை. புரை விழுந்த கண்ணுக்கு ஆளின் உருவம் தெரியும், முகம் தெரியாது. இன்று சொன்னது நாளைக்கு நினைவில் நிற்காது.

"சாப்பிடுடி. இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்க." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "காலையில அந்த ஒல்லி மறுபடியும் வந்தா. இங்கதான் நின்னா. என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா. கை ஐஸ் மாதிரி இருக்கு."

"அப்படியாம்மா?"

"என்னை அம்மானு கூப்பிடுறாடி. உன் குரல்லயே. உன்னை ஏதாவது பண்ணிட்டு வந்திருக்காளோனு குலை நடுங்குது."

அவன் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

பச்சை நைட்டி மெல்லத் திரும்பியது. அத்தனை பெரிய உடம்பின் மேல், ஒட்டிய கன்னத்தோடு மனைவியின் சின்ன முகம். உதட்டில் விரல் வைத்து அவனை அடக்கினாள். மடியில் ஒரு பாத்திரம். அம்மா பரிமாறியதெல்லாம் அதில்தான் இருந்தது. மென்றதெல்லாம் வெறும் வாயை.

அத்தை சாப்பிட ஆரம்பித்ததும் மனைவி சமையலறைக்கு வந்து நைட்டிக்குள்ளிருந்து தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

"நான் வயிறு நிறைய சாப்பிட்டதைப் பார்த்தப்புறம்தான் அம்மா தட்டுல கை வைப்பாங்க. சின்ன வயசுலேர்ந்து அதான் பழக்கம். ஆபரேஷனுக்கப்புறம் நான் கொறிக்கிறதைப் பார்த்துட்டு, நீ என் பொண்ணே இல்லைனுட்டாங்க. எடுத்துச் சொன்னா மறந்துடுறாங்க. பட்டினியாவே படுத்துட்டாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"பெத்த அம்மாவே என்னைப் பார்த்துப் பயப்படுறாங்கனு எப்படிங்க சொல்றது?"

அவன் தலையணைகளை வாங்கிக்கொண்டான்.

"மாப்பிள்ளை குரலா அது?"

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மனைவி சட்டென்று கதவுக்குப் பின்னால் மறைந்தாள். அவனை அடையாளம் காண்பதில் அத்தைக்குச் சிக்கலே இல்லை. அவன் தொப்பை அப்படியேதான் இருந்தது.

அத்தையின் கையில் அந்தக் குட்டிக் கிண்ணம். உள்ளே சோறு, மேலே ஒரு மூடி.

"இதை எடுத்து வைங்க மாப்பிள்ளை. சாயந்திரம் அந்த ஒல்லிப் பொண்ணு வந்தா கொடுங்க."

"அவளைப் பார்த்தாப் பயம்னு சொன்னீங்களே அத்தை?"

"பயம்தான். ஆனா எப்பப் பாரு இங்கயே சுத்துது, வயிறார ஒரு வாய் தின்னு நான் பார்த்ததில்லை. பொண்ணு இன்னும் சாப்பிடலைனு, அதைப் பெத்தவ எங்க பட்டினியா உட்கார்ந்திருக்காளோ, பாவம்."