பலூனில் போன தொப்பைக்கார துரை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு கதை சொல்கிறேன்.

ஸ்ரீலட்சுமியைப் பெண் பார்க்க வருகிற நேரத்தில், ஹால் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து அவள் அம்மா ரங்கநாயகிக்கு வியர்த்துக் கொட்டியது. முதன்முதலில் பலூனில் பறந்தவர்களைக் கேலி செய்து வெள்ளைக்காரன் வரைந்த பழைய படம் அது. தொப்பைக்கார துரை ஒருவர் ஆகாயத்தில் தொங்க, அவருடைய டோப்பா முடி தலையை விட்டுத் தனியே பறந்துகொண்டிருந்தது.

"கழட்டுடி! மாப்பிள்ளையோட அப்பாவுக்கும் இம்புட்டுத் தொப்பை. நம்மளை நக்கல் பண்றாங்கன்னு எந்திரிச்சுப் போயிருவாரு!"

"இருக்கட்டும்மா."

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். படத்தைப் பார்த்த பெரியவர், தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மாப்பிள்ளை கார்த்திகேஷுக்குத்தான் முகம் வெளுத்தது.

"தெரிஞ்சு போச்சா?" என்று கேட்டபடி, தலைமுடியை அப்படியே கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மண்டை பளபளத்தது.

ரங்கநாயகி அந்த மண்டையையும் சுவரிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போன வாரம் தெப்பக்குளத்துல இந்த டோப்பா காத்துல பறக்க, நீங்க விரட்டிக்கிட்டு ஓடுனதைப் பார்த்தேன்" என்றாள் ஸ்ரீலட்சுமி. "நீங்களா சொல்றீங்களான்னு பார்க்கத்தான் இந்தப் படத்தையே வாங்கி மாட்டுனேன். அம்மா, எனக்குச் சம்மதம்!"

உங்கள் வீட்டுக்கும் ஒளிவுமறைவில்லாத மருமக்கள் வந்து, சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்கட்டும், என் செல்லங்களே.