நாலு டைல்ஸ்

“சார், கோவிச்சுக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா?”

டைல்ஸ் மேஸ்திரி இப்படி ஆரம்பித்தாலே வீட்டுச் சொந்தக்காரருக்குப் புதுச் செலவு என்று அர்த்தம். ஒன்பது நாளில் இது ஐந்தாவது தடவை.

முதல் தடவை கேட்டபோது ஹாலில் நாலே நாலு டைல்ஸ்தான் மேலே எழும்பியிருந்தது. “நாலை மட்டும் மாத்திடலாம் சார். ஆனா இந்த டிசைன் இப்ப கடையில வர்றதில்ல. மாத்தினா ஹால் முழுக்க மாத்தணும்.”

சரி என்று தலையாட்டினார். அங்கே பிடித்தது சனி.

“பழசு மேலயே புதுசை ஒட்டினா தரை உசந்துடும் சார். ஒரு கதவும் திறக்காது. உடைச்சுத்தான் ஆகணும்.”

உடைத்தார்கள்.

“அடியில சிமெண்டே இல்ல சார், வெறும் மண்ணு. கட்டினவன் நல்லா ஏமாத்தியிருக்கான்.”

மண்ணை அள்ளினார்கள்.

“பாத்ரூம் பக்கம் ஈரமா இருக்கு. குழாய் எங்கயோ கசியுது. அதைப் பார்க்காம பதிச்சா ஆறே மாசத்துல மறுபடியும் எழும்பிடும் சார்.”

இதற்குள் ஹாலில் இருந்த சாமான் மொத்தமும் ஒரே படுக்கையறைக்குள் குடியேறியிருந்தது. சோபா கட்டில் மேலே, டிவி சோபா மேலே. வீட்டில் எல்லார் தலையிலும் வெள்ளைத் தூசி. சாப்பிட உட்கார்ந்தால் சாதத்திலும் அதே.

“சொல்லுங்க, இன்னிக்கு என்ன?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“பிரச்சினை நம்மகிட்ட இல்ல சார், கீழ் வீட்டம்மாகிட்ட. நாளையில இருந்து மதியம் ரெண்டு மணிக்கு மேல ஆறு மணி வரைக்கும் டைல்ஸ் வெட்டற மிஷினைத் தொடக் கூடாதாம். செக்ரட்டரிகிட்ட எழுதியே குடுத்துட்டாங்க, அவரும் சரின்னுட்டாரு. பாதி நாள்தான் வேலை ஓடும். ஆனா எங்க ரெண்டு பேருக்கும் முழு நாள் கூலி குடுத்தாகணும். எங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல சார்?”

கீழ் வீட்டம்மாவுக்குக் குடியிருப்பில் ‘புகார்ப் பெட்டி’ என்று பெயர். லிஃப்ட் நின்றால் புகார், லிஃப்ட் ஓடினால் சத்தம் என்று புகார்.

“அந்தம்மா தூங்கறதுக்கு நான் கூலி குடுக்கணுமா?” என்று மனைவியிடம் குதித்தார்.

“சண்டைக்குப் போகாதீங்க. இன்னும் எவ்வளவு ஆகும்?”

அதுதான் அவருக்குத் தெரியவில்லை. போட்ட கணக்கு ஏற்கெனவே மூன்று மடங்காகியிருந்தது. இனி கை வைக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு பேங்க் கணக்குதான்.

“அது பொண்ணோட காலேஜ் பணம்ங்க” என்றாள் மனைவி.

“தெரியும். வேற வழி? தரையைப் பிளந்து போட்டுட்டு எப்படிக் குடித்தனம் பண்றது? சீட் கிடைக்கறதுக்குள்ள எப்படியாவது திருப்பி வெச்சிடலாம்.”

எப்படி என்று அவருக்கே தெரியாது. அடுத்த நாலு நாளும் ஆபீசில் உட்கார்ந்தபடி கூட்டிக் கழித்தார். ஃபோன் அடித்தால் மேஸ்திரியோ என்று எடுக்கவே தயங்கினார். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் மத்தியானமே கிளம்பி வந்துவிட்டார்.

மணி மூன்று. மேஸ்திரியும் அவருடைய ஆளும் சிமெண்ட் மூட்டையில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒவ்வொரு மடக்கிலும் தன் மகளின் காலேஜ் பணம் கரைவதாக அவருக்குத் தோன்றியது.

விறுவிறுவென்று கீழே இறங்கி, புகார்ப் பெட்டியின் கதவைப் படபடவென்று தட்டினார்.

அந்தம்மா கதவைத் திறந்தாள். வெளியே வந்து, கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள்.

“என்ன சார், எதுக்கு இப்படித் தட்றீங்க?”

“மேல ரெண்டு பேர் சும்மா உட்கார்ந்து கூலி வாங்கறாங்க. எல்லாம் உங்க புண்ணியம்!”

“மெதுவாப் பேசுங்க சார்.”

“ஏன் மெதுவாப் பேசணும்? நாலு பேருக்குத் தெரியட்டும்!” மாடிப்படியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. “என் பொண்ணு காலேஜுக்குன்னு வெச்சிருந்த பணத்தை எடுத்துத்தான் தினமும் கூலி குடுக்கறேன். உங்க மத்தியானத் தூக்கத்துக்காக என் பொண்ணு படிப்பு பாழாகணுமா? ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கறது என்ன பாடுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அந்தம்மா கோபப்படவில்லை. அதுதான் அவரை இன்னும் கிளறிவிட்டது.

“எனக்கு மத்தியானத்துல தூங்கற பழக்கம் கிடையாது சார்.”

“அப்புறம் எதுக்கு இந்த வீம்பு? காரணத்தைச் சொல்லுங்களேன், கேட்டுக்கறேன்!”

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க ஏற்கெனவே கவலையில இருக்கீங்கன்னு உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கெஞ்சி வாங்கின வாக்கு. ஒரே ஒரு தடவை உங்களைக் கேட்டுச்சாம், சத்தத்தை நிறுத்தச் சொல்லி. காதுல பஞ்சை வெச்சுக்கன்னீங்களாம்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “யாரு?”

அந்தம்மா குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

“சிநேகிதி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு அஞ்சு நாளா எங்க வீட்டு மேஜையில உட்கார்ந்துதான் படிக்குது உங்க பொண்ணு. நாளைக்குக் காலையில அதுக்கு பிளஸ் டூ முதல் பரீட்சை. தயவு செஞ்சு இங்க நின்னு கத்தாம மேல போங்க சார்.”