ருது ஜாதகம்

ஒரு பெண் பூக்கும் வேளையை ஆண்டவன்தான் குறிக்கிறான்.

மேடையில் ஜோசியர் மைக்கைப் பிடித்து அப்படித்தான் சொன்னார். மகள் நித்திலாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வேளையைக் குறித்தது அவளுடைய கணவர். மண்டபம் என்றைக்குக் காலி என்று விசாரித்தார். அதற்குப் பதினாறு நாள் முந்திய வெள்ளிக்கிழமையில் மகளைப் பெரியவளாக்கிவிட்டார்.

ரோகிணி நட்சத்திரம். ரிஷப லக்னம். நீண்ட ஆயுள், உயர்ந்த இடத்து மாப்பிள்ளை.

கூட்டம் தலையாட்டியது. அவளும் ஆட்டினாள்.

நித்திலா உண்மையில் பெரியவளானது ஒரு செவ்வாய்க்கிழமை. அங்கன்வாடியில், கையில் பாதி சத்துமாவு உருண்டையோடு.

வயது நான்கு.

சென்னை டாக்டர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வருமாம். எலும்பு சட்டென்று முறியும். தோலில் காப்பி சிந்தினாற்போல் கறை விழும். வயதுக்கு வருவது முந்திக்கொள்ளும்.

கணவர் கேட்டது ஒரே கேள்வி.

"இது வெளிய தெரியுமா சார்?"

எட்டு வருடம் தெரியவில்லை. காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதினாள். துணியைக் குளியலறைக்குள்ளேயே உலர்த்தினாள்.

இன்று ஒருநாள் தாண்டிவிட்டால் போதும். நித்திலாவும் ஊருக்கு எல்லாப் பிள்ளைகளையும் போல ஒரு பிள்ளை.

கழுத்துக் கறைமேல் பியூட்டி பார்லர் பூச்சு. முறிந்து சேர்ந்த தொடைக்குள் கம்பி. அதனால் ஆரத்தி எல்லாம் உட்கார்ந்தபடியே.

நாத்தனார் சந்தனம் பூசிக்கொண்டே குனிந்தாள்.

"ஏன்டி மருமகளே, வயசுக்கு வந்தப்ப எங்கடி இருந்தே? அத்தைகிட்ட மட்டும் சொல்லு."



"ஸ்கூல்ல அத்தை. கணக்கு பீரியட்ல."

சொல்லிவிட்டு நித்திலா கொஞ்சம் வெட்கப்பட்டாள். அம்மா சொல்லிக்கொடுத்ததில் வெட்கம் இல்லை. அது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

நாத்தனார் கன்னத்தைக் கிள்ளினாள்.

"குட்டையா இருக்காளேன்னு கவலைப்படாதீங்க அண்ணி. இப்பதானே உக்காந்திருக்கா. இனிமே பாருங்க, மளமளன்னு வளந்து என் தோளைத் தாண்டிடுவா."

"ஆமா," என்றாள் அவள்.

நித்திலா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

இனி வளர்த்தி இல்லை என்று எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அன்று நித்திலாவும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.

புதுப் பாவாடையின் அடியில், வளர வளரப் பிரித்துவிட, நான்கு விரல் உள்ளே மடித்துத் தைத்திருந்தது.

அப்படித் தைக்கச் சொன்னது அம்மாதான்.