மழைக்கு முந்திய நீலம்

மொட்டை மாடியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வானத்தை வரைகிறாள். முதலில் வரைந்த தாளில் இருக்கும் வெயில் இப்போது வானத்தில் இல்லை. காற்று தாளின் ஓரத்தைத் தூக்குகிறது; அதை முழங்கையால் அழுத்தியபடி, ஈரம் காய்வதற்குள் மேகத்தின் அடிவயிற்றில் கருநீலத்தை ஓடவிடுகிறாள். கணவன் மேலே வந்து, கொடியில் கிடக்கும் துணிகளில் தன் சட்டைகளை மட்டும் உருவுகிறான். அவளுடைய சேலை அங்கேயே படபடக்கிறது. "இப்படி வானத்தையே பாத்துக்கிட்டிருந்தா வீடு நடக்குமா?" என்கிறான். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க மூஞ்சியப் பாக்குறதுக்கு இது எவ்வளவோ தேவலை. இதுவாவது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுது." போகிற போக்கில் அவன் கால், தூரிகை கழுவும் கிண்ணத்தைத் தட்டிவிடுகிறது. அழுக்கு நீர் அவள் பாதம்வரை ஓடுகிறது. திரும்பிப் பார்க்காமல் இறங்குகிறான். மாடிக் கதவு சாத்தப்படுகிறது, உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. பெரிய துளிகள் தாளில் விழுந்து, வரைந்த மேகத்தைக் கரைக்கின்றன. அவள் காய்ந்த தாள்களைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் செருகிவிட்டு, நனைந்தபடியே கதவருகே போகிறாள். வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. இரண்டு கைகளாலும் அதை இழுத்து, தன் பக்கத்திலும் கதவைத் தாழிடுகிறாள்.