பின் ஸ்பீக்கரின் தூரம்

ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே கம்பனியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஜெரிசன் மனைவி ஜெசிதாவுக்கு விளக்கினான். ஒவ்வொன்றிலிருந்தும் ‘டிக்’ என்ற சத்தம் மைக்குக்கு வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்து அம்பிளிபையர் தூரத்தைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒத்து ஒலிக்க வைத்துவிடும்.

ஜெசிதா கூடத்தின் நடுவே முக்காலியில், மைக்கைக் காதருகே பிடித்தபடி இருந்தாள். முன் ஸ்பீக்கர்கள் இரண்டு மீற்றர் என்று அம்பிளிபையரின் திரை காட்டியது. பழைய சாமான் கடையில் வாங்கிப் பின்சுவரில் பூட்டிய ஸ்பீக்கருக்கு ஒன்பது மீற்றர் காட்டியது. அந்தச் சுவரும் அவளிலிருந்து இரண்டு மீற்றரில்தான் இருந்தது.

“என்னப்பா, உது குருநகர்க் கடலுக்கை நிக்குதோ?” என்று சிரித்தாள்.

“வேறை கம்பனி எண்டால் கொஞ்சம் பிசகும். ஆடாமல் இரும்.”

மறுபடி அளந்தான். ஐந்து. இன்னொரு முறை அளந்தபோது மூன்று. ஜெரிசன் அம்பிளிபையரிலிருந்து பின் ஸ்பீக்கரின் வயரைக் கழற்றினான். இனி அதில் சத்தம் வர வழியே இல்லை. ஆனாலும் ஜெசிதாவுக்குப் பின்னால் ‘டிக்’ என்று கேட்டது. திரையில் ஒன்று என்று விழுந்தது.

“ஜெசிதா, எழும்பி இஞ்சை வாரும்.”

“பொறுங்கோ, இப்பதான் நாரி நோவுக்குச் சுகமாய்க் கிடக்கு” என்று இடுப்பைத் தடவியவள், முக்காலியில் இருந்தபடியே, முதுகுக்குப் பின்னால் எதுவும் இல்லாத இடத்தில், கண்களை மூடி நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.