பன்னிரண்டு மணி நேரக் கறி

"நாலு விசில்ல வேகுற கறிக்குப் பன்னெண்டு மணி நேரமா? அமெரிக்காவுல குக்கர் கிடைக்கலையா ஐயா?"

பட்டறை வாசலில் கிடந்த இருநூறு லிட்டர் டிரம்மைக் காலால் உருட்டிப் பார்த்தபடி கேட்டார் வெல்டர் சகாயராஜ். தஞ்சாவூர்ப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து, ஒரத்தநாடு வரை லோடு வண்டியில் ஏற்றி வந்திருந்தார் தங்கையன்.

"கறி எப்ப வெந்தா எனக்கென்ன சகாயம்? பத்த வச்சிட்டா நெருப்ப விட்டு நகர முடியாது பாரு, எனக்கு அதான் வேணும். ராம்கி வர்றது பத்து நாளைக்கு. ஏழு நாள் மாமனார் வீட்டுக்குப் போயிடும். மிச்சத்த சொந்தக்காரங்க பிச்சுக்குவாங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எம்புள்ள எம்பக்கத்துல உக்காரணும்."

மனைவி தர்மாம்பாள் போய்ச் சேர்ந்த பிறகு தங்கையனுக்கு வீட்டில் பேச்சுத் துணை டி.வி. ஒன்றுதான். அது பேசுமே தவிர இவர் பேச்சைக் கேட்காது. மகனிடம் சொல்வதற்கென்று மனசுக்குள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துபோயிருந்தது.

போன வருஷம் ஹூஸ்டனுக்குப் போய் மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தார். போய் இறங்கிய இரண்டாவது வாரமே ராம்கி இப்படி ஒரு டிரம்மைப் பிடித்துவந்து, அவனே வெட்டி, புகையிலேயே கறியை வேகவைக்கும் அடுப்பாக்கிக் கொல்லையில் நிறுத்திவிட்டான். அதற்கப்புறம் ஒரு சனி, ஒரு ஞாயிறு தவறியதில்லை. விடிவதற்கு முன்னால் பற்றவைத்தால் பொழுது சாயும் வரை அதன் பக்கத்திலேயே காவல் இருப்பான்.

"புகை உங்களுக்கு ஆகாதுப்பா, உள்ள இருங்க" என்பான். தங்கையன் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மகனின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். வாரம் பூராவும் ஆபீஸில் உழைத்தவன் அப்பன் வாய்க்கு ருசியாகப் போட இவ்வளவு பாடுபடுகிறானே என்று கண் கலங்கிவிடும். ஊரில் புகை நம்ம பக்கம் வராத மாதிரி புகைபோக்கியை உசத்தி வைத்துவிட்டால் தானும் கூட உட்காரலாம் என்பது அவர் கணக்கு.

சகாயராஜ் டிரம்முக்குள் சோப்புத் தண்ணீர் விட்டு எண்ணெய்ப் பிசுக்கை அலசிக் கவிழ்த்தார். நீளவாக்கில் சாக்பீஸ் கோடு போட்டார். தங்கையன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் வடக்கு வரப்புத் தகராற்றை ஆரம்பித்தார்.

"எண்பத்தேழுல சர்வேயர் வந்தாரு பாரு..."

சகாயராஜ் கிரைண்டரை ஓடவிட்டார். தீப்பொறி பறந்தது. சத்தம் ஓயும் வரை பொறுமையாகக் காத்திருந்தார் தங்கையன்.

"வந்து சங்கிலியப் போட்டாரு..."

மறுபடி கிரைண்டர். மூடிக்குக் கீல், உள்ளே கம்பித் தட்டு, ஆள் உயரப் புகைபோக்கி என்று வேலை மூன்று நாள் இழுத்தது. சர்வேயரால் கடைசி வரை போட்ட சங்கிலியைச் சுருட்டி எடுக்க முடியவில்லை. 'ஒரு பிசிறு விடாம தேய்க்கிறான். தொழில்ல என்னா ஒரு அக்கறை' என்று தங்கையன் மெச்சிக்கொண்டார்.

கொல்லையில் டிரம்மை நிறுத்தியாயிற்று. கஜா புயலில் சாய்ந்த மாமரத்தை விறகாகப் பிளந்து அடுக்கினார். பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, புகை எந்தப் பக்கம் போகிறது என்று வைக்கோலைக் கொளுத்திப் பார்த்து, இரண்டையும் நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

ராம்கியும் மனைவி குந்தவையும் காலையில் காரில் வந்து இறங்கினார்கள். காபி டம்ளர் கைக்கு வந்த நிமிஷமே தங்கையனால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, அந்த வடக்கு வரப்பு விஷயம் என்னாச்சு தெரியுமா? எண்பத்தேழுல சர்வேயர் வந்தாரு பாரு..."

ராம்கியின் பார்வை அங்கே இங்கே அலைந்து, கொல்லை வாசல் வழியே தெரிந்த டிரம்மில் போய் நின்றது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தே விட்டான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அப்பா, இது எப்ப செஞ்சீங்க?"

"உனக்காகத்தான்டா. கறிக்கு நாளைக்குத்தான் சொல்லியிருக்கேன்."

"கறி கெடக்குதுப்பா. புது டிரம்மு, மொதல்ல வெறுமனே ஒரு நாள் பூரா எரியவிட்டாத்தான் நல்லது. தீப்பெட்டி எங்க?"

தங்கையனுக்குத் தலைகால் புரியவில்லை. தான் போட்ட திட்டம் இவ்வளவு சுளுவாகப் பலிக்கும் என்று அவரே நினைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டாவது நாற்காலிக்குப் போனார்.

"புகை ஆகாதுப்பா, உள்ள இருங்க" என்றான் ராம்கி. அந்த நாற்காலியை இழுத்து, அதன் மேல் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டான்.

புகை என்னவோ மேற்கே வயல் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் பிள்ளை சொல்லைத் தட்டாமல் உள்ளே வந்த தங்கையன், ஜன்னல் வழியாக அந்த முதுகை ஆசை தீரப் பார்த்தார். கூடத்தில் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்த மருமகளிடம் பெருமை தாங்காமல் சொன்னார்.

"பாத்தியாம்மா, போட்ட சட்டையக்கூட மாத்தாம போய் உக்காந்துட்டான். இதுன்னா அவனுக்கு உசிரு. அங்க இன்னமும் வாராவாரம் பத்த வைக்கிறான்ல?"

குந்தவை கள்ளமில்லாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லையே மாமா. உங்கள பிளேன் ஏத்திவிட்டு வந்த அன்னிக்கே அதத் தூக்கிப் போட்டுட்டாரே."