கைகழுவாத நினைவகம்

“யாரும்மா இந்தக் கூத்தடிக்கிறது?” துனிஸ் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் லுத்ஃபி கத்தினார். எந்த நிரலை, அதைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரில் போட்டு எடுத்தாலும், நடுவில் ஒரு வரி ஒட்டிக்கொண்டு வந்தது: ‘முட்டை ப்ரீக் ஆறுது, சாப்பிட்டியா?’

“கூத்து இல்ல சார், ஓட்டை,” என்றாள் நிரலாளர் சிஹாம். “தேவை முடிஞ்ச நினைவகத்தைக் கம்பைலர் கைகழுவிடுது. அப்புறம் மறந்துபோய் அதையே திரும்பப் படிக்குது. இதை உருவாக்கினவர் பக்கத்து சீட்டுக்கு நிரலுக்குள்ளயே குறிப்பு எழுதி வைப்பார். அதான் கசியுது.”

“இன்னிக்குக் குறிப்பு கசியுது, நாளைக்கு பாஸ்வேர்டு கசியும். திருடன் இது வழியா உள்ளயே வந்துடுவான். இத்தனை மாசமா ஏன் அடைக்கல?”

சிஹாம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு வரிகளைத் திருத்தினாள். அடுத்து வந்த நிரல் சுத்தமாக இருந்தது.

“இவ்வளவுதானா? அந்த ஆளு நம்பரைக் குடு. நறுக்குனு நாலு கேள்வி கேக்கணும்.”

அவள் எண்ணைச் சொன்னாள். அவர் அழைத்தார்.

மணி அவளுடைய கைப்பைக்குள் அடித்தது.

“என் வீட்டுக்காரர் எடுக்க மாட்டார் சார்,” என்றாள் சிஹாம். “அவரை அடக்கம் பண்ணின நாள்லேருந்து நானும் தினமும் அடிச்சுப் பாக்குறேன்.”